வரம்பில் பொங்கும் பாசி

ஐயா, மாரி தொடங்கியதும் எங்கள் வயல் வரம்பிலும் முற்றத்துச் சீமெந்திலும் கூழ் போன்ற கரும்பச்சைப் பாசி பொங்குகிறது. அம்மா அதில் சறுக்கி விழுந்துவிட்டார். அது சயனோபற்றீரியா என்ற, ஒளியில் உணவு ஆக்கும் நுண்ணுயிர் விடும் வெறும் மாப்பொருட் பசை என்கிறார்கள். எந்த மருந்தடித்தால் அழியும்? யப்பானில் இப்படியான பசையை முகப்பூச்சில் சேர்க்கிறார்களாமே, எங்களுடையதையும் விற்கலாமா?
(ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர்)

அன்புள்ள தம்பி,

விழுந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுதாமல் மருந்தின் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. முற்றத்தைத் தும்புத்தடியால் தேய்த்துக் கழுவுங்கள், போதும். யப்பான் செய்தி உண்மைதான். கியூசுத் தீவின் ஊற்றுநீரில் வளரும் ஒரு சயனோபற்றீரியா இனத்திலிருந்து எடுக்கும் சக்ரான் என்ற பல்சக்கரைட்டு (பல வெல்லங்கள் கோத்த சங்கிலி), கிராமுக்கு ஏறத்தாழ 6 லீற்றர் தூய நீரைப் பிடித்துவைக்கும். விற்பனையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

‘வெறும் மாப்பொருட் பசை’ என்ற சொல்லைத்தான் என்னால் விட்டுவிட முடியவில்லை. மாப்பொருள், குளுக்கோசு என்ற ஒரே வெல்லத்தைத் திரும்பத் திரும்பக் கோத்தது. மற்றப் பற்றீரியாக்கள் வெளிவிடும் பல்சக்கரைட்டுகளிலும் பெரும்பாலும் நான்கு வகைக்கு உட்பட்ட வெல்லங்களே இருக்கும். சயனோபற்றீரியாவின் பசையிலோ ஆறு, ஏழு வகைகள் சாதாரணம். பத்தைத் தாண்டுவதும் உண்டு. அவற்றுள் யூரோனிக் அமிலங்கள் என்ற அமில வெல்லங்களும், பல இனங்களில் சல்பேற்றுக் கூட்டங்களும் மறை மின்னேற்றத்தைக் கொடுப்பதால், அது நீரையும் கல்சியம், இரும்பு போன்ற உலோக அயன்களையும் பற்றிக்கொள்கிறது. நீரை அவ்வளவாக விரும்பாத இரம்னோசு, பியூக்கோசு என்ற வெல்லங்கள் சீமெந்திலும் மண்ணிலும் ஒட்டிக்கொள்ள உதவுகின்றன. அசையாதிருக்கும்போது தடித்திருக்கும் இந்தப் பசை, அழுத்தி இழுபட்டவுடன் இளகிவிடும். அம்மாவின் கால் வழுக்கியதில் அந்தக் குணத்துக்கும் பங்குண்டு.

2010இல் நாங்கள் வளவுக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, நிலம் மட்டும் இருந்தது. அதன்மேல் கருகிய கடதாசி போல் ஒரு படை உதிர்ந்துகொண்டிருந்தது. எரிந்த வீட்டின் கரி என்று நினைத்து, அழுதபடியே மண்வெட்டியால் பாதியைச் சுரண்டி எறிந்தேன். ஐப்பசியில் முதல் மழை பெய்த அன்று, மிச்சப் பாதி பின்னேரத்துக்குள் பச்சைக் கூழாகப் பொங்கி நின்றது. அது நொஸ்ரொக் என்ற சயனோபற்றீரியா என்று பிறகுதான் அறிந்தேன். உங்கள் வரம்பில் இருப்பதும் அதுவாகவே இருக்கவேண்டும். காயும்போது கல மென்சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிதையாமல் காப்பது அந்தப் பசையே. உலர்த்தி வைத்த நொஸ்ரொக் மாதிரி ஒன்று நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நீர் பட்டு உயிர்த்திருக்கிறது. நாங்கள் இல்லாத காலமெல்லாம் எங்கள் நிலத்தில் மழைக்கு மழை உயிர்த்துக்கொண்டிருந்த ஒன்றை நான் கரி என்று எறிந்தேன் என்ற துயரம் இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் கடிந்து எழுதுகிறேன். வரம்பில் இருப்பது காற்றின் நைதரசனைப் பிடித்து உங்கள் நெல்லுக்குக் கொடுக்கிறது, மண்துகள்களைக் கட்டி வைக்கிறது. அதன்மேல் மருந்தடிக்காதீர்கள். சிறுபோகம் முடிந்து வரம்பு காய்ந்ததும் ஒரு துண்டை எடுத்துத் தட்டில் நீர் ஊற்றி வைத்து, அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.