அண்ணன் தம்பியும் மாமன் மருமகனும்: கால்பந்துக் கூட்டமைப்புகள் குறித்த கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பிள்ளைகளைக் கால்பந்துப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோரும், முன்பு ஆடியவர்களும், ஆர்வலர்களும் கால்பந்து நிர்வாகத்தைப் பற்றி எழுதிக் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். முப்பது ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராகவும், நடுவராகவும், சில காலம் தேர்வுக்குழு உறுப்பினராகவும் இருந்தவன் என்பதே இதற்கு எனக்குள்ள தகுதி.

ஓசூரிலிருந்து ஒரு மென்பொருள் பணியாளர்: அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பில் அண்ணன் உயர் அதிகாரியாக இருந்தபோதே தம்பி தேசிய அணியின் பயிற்சியாளர் ஆனார் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அதை முறைகேடு என்று சொல்லலாமா?

பதில்: நிகழ்ந்தது உண்மை. முறைகேடு என்று நிறுவப்பட்டதா என்றால், இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2017 அக்டோபரில் டிரினிடாட் அணியிடம் தோற்று அமெரிக்கா 2018 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறாமல் போனது. 2006 முதல் தலைவராக இருந்த சுனில் குலாத்தி மீண்டும் போட்டியிடவில்லை. 2018 பிப்ரவரியில் கார்லோஸ் கோர்டேரோ தலைவரானார். ஓராண்டுக்கு மேல் இடைக்காலப் பயிற்சியாளரை வைத்தே அணியை ஓட்டிவிட்டு, 2018 டிசம்பரில் கிரெக் பெர்ஹால்டரைத் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தார்கள். அவருடைய அண்ணன் ஜே பெர்ஹால்டர் அப்போது அதே கூட்டமைப்பின் வணிகப் பிரிவுத் தலைவர். அடுத்த தலைமைச் செயல் அதிகாரி ஆவார் என்று பேசப்பட்டவரும்கூட. தம்பியைத் தேர்ந்தெடுத்ததில் அண்ணனுக்குப் பங்கில்லை என்றும், அணியின் பொது மேலாளராக இருந்த எர்னி ஸ்டூவர்ட்டே முடிவெடுத்தார் என்றும் கூட்டமைப்பு விளக்கம் தந்தது. அதைப் பொய் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால், வேலைக்கு எடுக்கப்படுபவரின் அண்ணன் அதே கட்டடத்தில், எடுக்கும் அதிகாரியை விடவும் செல்வாக்கு மிக்க இடத்தில் அமர்ந்திருக்கும்போது, "அவர் தலையிடவில்லை" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பும்படி மக்களைக் கேட்பது போதாது.

கிரெக் தகுதியற்றவர் அல்லர். நாற்பதுக்கும் மேற்பட்ட முறை நாட்டுக்காக ஆடியவர். 2022 உலகக் கோப்பையில் அணியைக் கடைசிப் பதினாறு வரை கொண்டுபோனவர். அப்படியிருந்தும் தோற்ற ஒவ்வொரு நாளும் அண்ணனின் பெயரையும் சேர்த்தே அவர் சுமக்க நேர்ந்தது. உறவின் நிழல் தகுதியுள்ள உறவினரையும் விட்டுவைப்பதில்லை. ஜே 2020 பிப்ரவரியில் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த மாதமே, பெண்கள் அணி தொடுத்த சம ஊதிய வழக்கில் கூட்டமைப்பின் வழக்கறிஞர்கள் பெண் ஆட்டக்காரர்களின் திறனைத் தாழ்த்தி எழுதியது வெளிவந்து, கோர்டேரோவும் பதவி விலகினார். முன்னாள் ஆட்டக்காரரான சிண்டி பார்லோ கோன் அந்தக் கூட்டமைப்பின் முதல் பெண் தலைவரானார். கிரெக் 2024 கோப்பா அமெரிக்கா போட்டியின் முதல் சுற்றிலேயே அணி வெளியேறிய பின் நீக்கப்பட்டார்.

இதில் என் மனத்தில் நின்றது வேறொன்று. கிரெக்கின் மகன் செபாஸ்டியன் 2025-இல், பொச்செட்டினோ பயிற்சியாளராக வந்த பிறகு, தேசிய அணிக்கு ஆடத் தொடங்கினார். யாரும் முகம் சுளிக்கவில்லை. அதே குடும்பம்தான், ஆனால் தேர்ந்தெடுத்தவர் அந்த வீட்டுக்காரர் அல்லர்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: நம் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பில் தலைமை மாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். முன்னாள் ஆட்டக்காரர் தலைவரான பிறகும் ஏன் குறை தீரவில்லை?

பதில்: பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி 1988 முதல் இருபது ஆண்டுகள் தலைவராக இருந்தார். அவர் நோய்வாய்ப்பட்ட பிறகு பிரஃபுல் படேல் வந்து 2022 மே வரை இருந்தார். அதாவது 34 ஆண்டுகளுக்கு இரண்டே பேர், இருவரும் அரசியல்வாதிகள். அப்போது நடப்பிலிருந்த 2011-ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு விதித்தொகுப்பின்படி ஒரு தலைவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்க முடியாது. படேலின் மூன்று பதவிக்காலங்களும் 2020 டிசம்பரில் முடிந்துவிட்டன. ஆனால் புதிய விதிமுறைகள் உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பதைக் காரணம் காட்டித் தேர்தல் நடத்தப்படவில்லை. 2022 மே 18 அன்று நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.ஆர். தவே தலைமையில் மூவர் குழுவிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தது. வெளியார் தலையீடு என்று கூறி, உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா ஆகஸ்ட் நடுவில் இந்தியாவை இடைநீக்கம் செய்தது. பதினொரு நாளில் அந்தத் தடை விலகியது. ஆனால் ஆசியக் கழகப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை போயிருந்த கோகுலம் கேரளா பெண்கள் அணி ஆடாமலே திரும்பியது. தவறு செய்தவர்கள் நாற்காலியில், தண்டனை பெற்றவர்கள் திடலில்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை வருகிறது.

அந்த மூவர் குழு ஒரு நல்ல காரியம் செய்ய முயன்றது. மாநிலச் சங்கங்களின் 36 வாக்குகளோடு, நாட்டுக்காக ஆடிய 36 பேருக்கும் வாக்குரிமை தர வேண்டும் என்றது. ஃபிஃபா இதை ஏற்கவில்லை. தடையை நீக்குவதற்காக அந்த 36 பேரும் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டார்கள். 2022 செப்டம்பர் 2 அன்று நடந்த தேர்தலில், இந்தியக் கால்பந்து கண்ட மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவரான பாய்ச்சுங் பூட்டியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கு. முன்னாள் கோல்காப்பாளரும் அரசியல் கட்சிக்காரருமான கல்யாண் சௌபே 33 வாக்குகள் பெற்றார். ஆட்டக்காரர் ஒருவர் தலைமைக்கு வந்தது அதுவே முதல் முறை, மகிழ்ச்சிதான். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் மாநிலச் சங்கங்களின் நிர்வாகிகள். அவர்களைத் தேர்ந்தெடுப்பவை மாவட்டச் சங்கங்கள். வாக்களிப்பவர்கள் மாறாமல் வாக்குப் பெறுபவர் மட்டும் மாறினால், புதியவரும் பழைய கடன்களையே அடைக்க வேண்டியிருக்கும்.

2025 செப்டம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் வகுத்த புதிய விதிமுறைகளைச் சில திருத்தங்களோடு ஏற்றது. முன்னாள் ஆட்டக்காரர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடம் உண்டு. ஒருவரே மாநிலச் சங்கத்திலும் தேசியக் கூட்டமைப்பிலும் பொறுப்பு வகிக்கக் கூடாது என்ற விதியைச் சுற்றித்தான் பெரிய வாக்குவாதம் எழுந்தது. அது வியப்பில்லை, ஏனென்றால் வாக்குப் போடும் கையும் பதவி வாங்கும் கையும் ஒன்றாக இருப்பதை அந்த விதிதான் தடுக்கிறது.

காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு மாம்பழ வணிகர்: என் மண்டியை என் மகன் பார்த்துக்கொள்கிறான். மருத்துவர் மகன் மருத்துவர் ஆகிறார். கால்பந்து நிர்வாகத்தில் மட்டும் உறவு எப்படிக் குற்றமாகும்?

பதில்: உங்கள் மண்டியில் நட்டம் வந்தால் உங்கள் பணம் போகும். கூட்டமைப்பில் போவது அரசின் மானியமும் ஆட்டக்காரரின் வயதும் ஆகும். பதினேழு வயதில் தவறவிட்ட வாய்ப்பை இருபத்தைந்தில் ஈடுகட்ட முடியாது.

பிரேசிலைப் பாருங்கள். ஜோவா ஹாவெலாஞ் 1974 முதல் 1998 வரை ஃபிஃபாவின் தலைவர். அவருடைய மருமகன் ரிக்கார்டோ டெய்ஷெய்ரா 1989 முதல் 2012 வரை பிரேசில் கூட்டமைப்பின் தலைவர். மாமனார் உலகத்தையும் மருமகன் நாட்டையும் ஆண்ட அந்தக் காலத்தில் பிரேசில் 1994 உலகக் கோப்பையை வென்றது. அதனால் கேள்வி கேட்டவர்களின் குரல் எடுபடவில்லை. ஐ.எஸ்.எல் என்ற சந்தைப்படுத்தும் நிறுவனத்திடமிருந்து இருவருமே பணம் பெற்றதைக் காட்டும் சுவிட்சர்லாந்து ஆவணங்கள் 2012-இல்தான் வெளியாயின. கோப்பை வருகிறது என்பது நிர்வாகம் நேர்மையாக நடக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

தென் கொரியாவில் ஹூண்டாய் குடும்பத்தின் சுங் மோங்-ஜூன் 1993 முதல் 2009 வரை தலைவர். அவருடைய சிற்றப்பா மகன் சுங் மோங்-கியூ 2013-இல் தலைவராகி, பயிற்சியாளர் நியமனத்தில் எழுந்த கடும் எதிர்ப்பையும் தாண்டி 2025-இல் நான்காம் முறையாக வென்றார். அவர்கள் திருடினார்கள் என்று நான் சொல்லவில்லை; பெரும் செல்வமுள்ள குடும்பம் செலவும் செய்திருக்கிறது. ஆனால் ஒரு குடும்பம் இவ்வளவு காலம் ஆளும் இடத்தில் எதிர்த்துப் போட்டியிடத் துணிபவர்கள் குறைந்துபோகிறார்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: பதவிக்கால வரம்பு வைத்துவிட்டால் போதாதா?

பதில்: வரம்பு வேண்டும்; அது மட்டும் போதாது. 2016-இல் ஃபிஃபா தன் தலைவருக்கு நான்காண்டு வீதம் மூன்று பதவிக்காலம் என்று வரம்பு விதித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் தலைவரான ஜியானி இன்ஃபான்டினோவின் 2019 வரையிலான முதல் காலம், இடையில் வந்து நிரப்பிய காலம் என்பதால் கணக்கில் சேராது என்று 2022-இல் முடிவு செய்தார்கள். வங்கியில் இருந்த உங்களுக்கு, கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்று தீர்மானிப்பவர் கையில்தான் மீதித்தொகை இருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பென்னாகரத்திலிருந்து ஒரு வாசகர்: அரசே எடுத்து நடத்தினால் என்ன?

பதில்: ஃபிஃபா தடை விதிக்கும். இந்தோனேசியா 2015 முதல் ஓராண்டு அப்படி வெளியே நின்றது. நிதிக்குக் கணக்குக் கேட்பது அரசின் உரிமை. அணியையும் தலைவரையும் தேர்வு செய்வது அதன் வேலை அல்ல.

அரூரிலிருந்து ஒரு தாய்: என் மகளுக்கு 14 வயது. மாவட்டத் தேர்வில் நன்றாக ஆடியும் பெயர் வரவில்லை. தேர்வாளர் ஒருவரின் உறவுப் பெண் பட்டியலில் இருக்கிறாள். நாங்கள் யாரிடம் போவது?

பதில்: அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாவட்டம் பிரியாதிருந்த காலத்தில், அதாவது 2004-க்கு முன்பு, தர்மபுரியில் ஒரு தேர்வு நடந்தது. தளியிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் பிள்ளைகள் இருட்டோடு கிளம்பிப் பேருந்து மாறி மாறி வந்து சேர்ந்தார்கள். தேர்வாளர் மூவரில் நான் ஒருவன். வந்திருந்த பையன்களில் என் மைத்துனர் மகனும் இருந்தான். அவன் நன்றாகவே ஆடினான். மற்ற இருவரும் என்னைக் கேட்காமலே அவன் பெயரை எழுதினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை. கடைசி இடத்துக்கு அவனோடு போட்டியில் இருந்த தளிப் பையன் காலணியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவன் இவனை விடச் சிறந்தவனா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அங்கே உட்கார்ந்திருந்ததால் யாருக்குமே தெரியாமல் போயிற்று.

ஆகவே அந்த உறவுப் பெண்ணைக் குறை சொல்லாதீர்கள், அவளும் குழந்தை. மாவட்டச் சங்கத்துக்கு எழுத்தில் மூன்று கேள்விகளை மட்டும் அனுப்புங்கள்: தேர்வாளர்கள் யார் யார், எந்த அளவுகோலின்படி மதிப்பிட்டார்கள், உறவினர் வந்தபோது அந்தத் தேர்வாளர் விலகி நின்றாரா? நகலை மாநிலச் சங்கத்துக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலருக்கும் அனுப்பி, ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். குற்றச்சாட்டாக எழுதினால் சண்டையாகும். கேள்வியாக எழுதினால் அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சங்கம் அரசு மானியம் பெற்றிருந்தால், அந்தப் பணம் பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மானியம் தந்த அலுவலகத்திடமே கேட்கலாம். சங்கம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது என்றால், அதன் நிர்வாகிகள் பட்டியலும் ஆண்டுக் கணக்கும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கலாகியிருக்க வேண்டும். ஒரே வீட்டுப் பெயர்கள் எத்தனை இருக்கின்றன என்பதை அந்தப் பட்டியலே காட்டும்.

அதற்கிடையில் மகளின் ஆட்டம் நிற்கக் கூடாது. பள்ளிக் கல்வித் துறையின் குறுவட்டப் போட்டிகளும் அதற்கு மேல் வருவாய் மாவட்டப் போட்டிகளும் வேறு வாசல். முதலமைச்சர் கோப்பை இன்னொரு வாசல். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதித் தேர்வு மற்றொன்று. இவை எல்லாவற்றிலும் அதே மூவர் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசியப் பட்டத்தை வென்றார்கள். பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் இந்த வாரமே பேசி, குறுவட்டப் போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.