சேர்விஸ் வலையில் விழுகிறதா? பட்மின்ரன் கேள்வி பதில்

வன்னியில் பட்மின்ரன் பழகும் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்விஸ் பற்றிக் கேட்டவை இவை. நெடுநாள் பிள்ளைகளைப் பழக்கியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

மகளுக்கு 12 வயது, மெலிந்த கை. அதனால்தான் சேர்விஸ் வலையில் விழுகிறதா? (தந்தை, மாங்குளம்)

இல்லை ஐயா. ஷட்டிலின் எடை 5 கிராம் அளவுதான். கிட்டச் சேர்விஸ் வலைக்கு அப்பால் 1.98 மீற்றரில் உள்ள கோட்டைத் தொட்டால் போதும். பயத்தில் ரக்கெற்றை இறுக்கிப் பிடித்தால் விரல் வேலை செய்யாது. கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடித்து, அடிக்கும் நேரம் மட்டும் பெருவிரலால் தள்ளட்டும். பலம் வேண்டியது பின்கோட்டுக்கு உயர்த்திப் போடும்போது. அதுவும் பின்காலிலிருந்து முன்காலுக்குப் பாரம் மாறி, இடுப்புத் திரும்பி வரும் பலம்.

பயிற்சியில் 10க்கு 8 சரி. போட்டியில் கை நடுங்குகிறது, சேர். (மாணவி, கிளிநொச்சி)

பயிற்சியில் ஒன்று பிழைத்தாலும் அடுத்த ஷட்டில் கையில் இருக்கிறது, தங்கச்சி. போட்டியில் பிழைத்தால் புள்ளி எதிராளிக்கு. நடுக்கம் அங்கேதான் வருகிறது. ஆகவே பயிற்சியை மாற்று. களத்தை ஒரு சுற்று ஓடி வந்து, மூச்சு வாங்கும்போதே ஒரேயொரு சேர்விஸ் போடு. திரும்ப ஓடு. தோழிகள் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். அப்புறம், ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கு: மூச்சை விடு, விழவேண்டிய இடத்தைப் பார், போடு.

30 பிள்ளைகள், 4 ரக்கெற், திறந்த முற்றம். ஆர்வம் குறைகிறது. (ஆசிரியர், புதுக்குடியிருப்பு)

காற்று எழுமுன் காலையிலேயே நைலோன் ஷட்டிலோடு தொடங்குங்கள். வெறும் உரப்பையை விரித்து இலக்காக்குங்கள். ஒருவர் போட ஒருவர் எண்ணட்டும், மற்றவர் பொறுக்கட்டும். எண்ணிக்கையைப் பிள்ளை தன் கொப்பியில் எழுதி, தன்னுடைய போன கிழமையோடு மட்டும் ஒப்பிடவேண்டும். நான் ஒருகாலத்தில் எல்லாருடைய எண்ணிக்கையையும் வரிசைப்படுத்தி உரக்க வாசித்தேன். கடைசியில் நின்ற பிள்ளைகள் வராமலே விட்டார்கள். அது என் பிழை, இன்னும் உறுத்துகிறது.

1.15 மீற்றர் விதி குள்ளமான பிள்ளைக்கு உதவுமா? (வவுனியா)

உதவும். முன்பு கடைசி விலா எலும்புக்குக் கீழே அடிக்கவேண்டும். 2018இல் வந்த விதிப்படி அடிக்கும்போது முழு ஷட்டிலும் தரையிலிருந்து 1.15 மீற்றருக்குக் கீழே இருந்தால் சரி. 1.40 மீற்றர் உயரப் பிள்ளைக்கு அது ஏறத்தாழ தோளளவு. வலைக்கம்பத்தில் அந்த உயரத்துக்கு ஒரு கோடு போட்டுவிடுங்கள், அவர்களே பார்த்துப் பழகுவார்கள்.