ஐந்தாம் எண் கூண்டு என்றால் ஆபத்து குறைவா?

கேள்வி: 5-ம் எண் புயல் கூண்டுதானே ஏற்றியிருக்கிறார்கள், 7 வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் முகாமுக்கு வர மறுக்கிறார்கள். அது சரியா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: சரியே இல்லை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயத்தைத்தான் சொல்கின்றன, மாறுவது புயல் போகும் பக்கம் மட்டுமே. புயல் போகிற திசையைப் பார்த்து நின்றால் துறைமுகம் இடப்பக்கம் இருந்தால் 5, வலப்பக்கம் என்றால் 6, துறைமுகத்தின் மேலேயோ வெகு அருகிலோ கடந்தால் 7. இதே கணக்குதான் தீவிரப் புயலுக்கு 8, 9, 10. (11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்!) கூண்டு என்பது கப்பல்காரர்களுக்கான பாஷை, பகலில் உருளையும் கூம்பும், இரவில் விளக்குகள். தெருவில் இருப்பவர்கள் அதை மார்க் ஷீட் மாதிரி படிப்பதுதான் வினை.

உங்களுக்குத் தேவையான கேள்வி வேறு: புயல் நம் ஊருக்கு வடக்கே கரை கடக்கிறதா, தெற்கேயா? வங்கக்கடல் புயலின் காற்று கடிகாரமுள்ளுக்கு எதிராகச் சுழலும். அதனால் மேற்கு நோக்கி வரும் புயல் நமக்குத் தெற்கே கடந்தால் காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்துத் தண்ணீரை ஊருக்குள் தள்ளும். வடக்கே கடந்தால் காற்று பெரும்பாலும் தரையிலிருந்து கடலுக்கு வீசும், கடல் பொங்கும் பயம் கொஞ்சம் குறைவு. அதற்காக ஓட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டாம், காற்றும் மழையும் பக்கம் பார்ப்பதில்லை. முகாமுக்குப் போகச் சொன்னால் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள், ரேஷன் கார்டையும் மாத்திரைகளையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு.

கேள்வி: நடு இரவில் காற்று சட்டென்று நின்றுவிட்டால் வெளியே வந்து பார்க்கலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: வேண்டவே வேண்டாம். அது புயலின் கண்ணாக இருக்கலாம். கண் கடந்ததும் காற்று அப்படியே எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடிக்கும், ஒரு பக்கமாகச் சாய்ந்து வேர் இளகி நிற்கும் மரம் அப்போதுதான் மறுபக்கம் விழும். ரேடியோவில் புயல் முழுவதும் கடந்துவிட்டது என்று சொல்லட்டும், அப்புறம் தோப்பைப் போய்ப் பார்க்கலாம்.

கேள்வி: 'கஜா' என்று பெயர் வைத்தது யார்?
– வாசகர், பேராவூரணி

பதில்: இலங்கை. வடஇந்தியப் பெருங்கடல் நாடுகள் கொடுத்த பட்டியலிலிருந்து 2004 முதல் வரிசையாகப் பெயர் எடுக்கிறார்கள். கஜா என்றால் யானை. 2018 நவம்பரில் உங்கள் பக்கத் தென்னந்தோப்புகளுக்குள் அது எப்படி நடந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.