இலையுதிர் காலமும் சொல் கேளாத நாயும்: கேள்வி பதில்

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நாய் வளர்க்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். செப்டெம்பர் கடைசியில் தொடங்கி நவம்பர் வரை பெரும்பாலும் ஒரே முறைப்பாடுதான்: கோடையில் ஒழுங்காக இருந்த நாய் இப்போது காது கேளாததுபோல் நடக்கிறது.

மார்க்கத்திலிருந்து: அண்ணா, எங்கள் லாப்ரடோருக்கு ஒன்றரை வயது. வீட்டுக்குள் "வா" என்றால் ஓடி வருகிறது. பூங்காவில் அணிலைக் கண்டால் திரும்பியும் பார்ப்பதில்லை.

ஒன்றரை வயது விடலைப் பருவம். பாதிக் குற்றத்தை அதற்காகவே மன்னித்துவிடலாம். மீதி, பருவகாலத்தின் வேலை. வெக்கை தணிந்ததும் நாய்க்குத் துடிப்பு கூடுகிறது. அணில்களோ பனிக்காலத்துக்காக ஓக் கொட்டைகளைப் புதைக்க நாள் முழுவதும் தரையில் ஓடித் திரிகின்றன. ஈர இலைகளுக்கடியில் ஆயிரம் வாசனை. வீட்டுக் கூடத்தில் படித்த "வா" இத்தனைக்கும் முன்னால் எடுபடாது. வெளியே அதை அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

பத்து மீட்டர் பயிற்சிக் கயிறு ஒன்று வாங்கி, ஹார்னஸின் (நாயின் மார்பைச் சுற்றிப் போடும் உடல்பட்டியின்) முதுகு வளையத்தில் மாட்டுங்கள். கழுத்துப்பட்டியில் மாட்டவே வேண்டாம். ஓடும் வேகத்தில் கயிறு முடிந்தால் அடி கழுத்தில் விழும். அணில் இல்லாத மூலையில், நாய் சும்மா மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள். வந்தால் அவித்த கோழி இறைச்சி, சுண்டுவிரல் நகமளவு துண்டுகளாக, ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து. உடனே "போ" என்று மறுபடி மோப்பம் பிடிக்க விட்டுவிடுங்கள். பலர் வீட்டுக்குப் புறப்படும் நேரத்தில் மட்டும் கூப்பிடுகிறார்கள். அப்படியானால் "வா" என்றாலே விளையாட்டு முடிந்தது என்று நாய் கணக்குப் போட்டுக்கொள்ளும், வராது.

இன்னொன்று. அணிலைக் கண்ட கணத்திலேயே நாய் பாய்வதில்லை. இளைத்துக்கொண்டிருந்த வாய் சட்டென்று மூடும். காதுகளின் அடி முன்னால் வரும். வால் அப்படியே நிற்கும். உடம்பின் பாரம் முன்னங்கால்களுக்கு மாறும். கூப்பிட வேண்டிய நொடி அதுதான். பாய்ந்த பிறகு "வா, வா, வா" என்று கத்துவது, அந்தச் சொல்லைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று நாமே கற்றுக்கொடுப்பதாகும். பாய்ந்துவிட்டால் பேசாமல் கயிற்றைப் பிடியுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து: அந்தப் பத்து மீட்டர் கயிற்றை எங்கே பயன்படுத்துவது? பக்கத்துப் பூங்காவில் ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார்.

சண்டைக்கு வந்தவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ரொறன்ரோ நகர விதிப்படி பொது இடத்தில் நாயின் வார் 2 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் பக்கத்து ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவிலும் நாய் வாரில்தான் இருக்க வேண்டும். ஹை பார்க், செரி பீச் போன்ற இடங்களில் நாய்களை அவிழ்த்துவிடும் பகுதிகள் உண்டு. ஆனால் அங்கே நீளக் கயிறு மற்ற நாய்களின் கால்களில் சிக்கும், தொடக்கப் பயிற்சிக்கு அந்தக் கூட்டமும் ஆகாது. நகருக்கு வெளியே வேலி போட்ட வயல்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். இல்லையென்றால் பெரிய கொல்லைப்புறம் உள்ள நண்பர் யாரையாவது பிடியுங்கள்.

ஏஜக்ஸிலிருந்து: இலைக் குவியலைக் கண்டால் முகத்தைப் புதைத்து எதையாவது வாயில் போட்டுக்கொள்கிறது. பிடுங்கப் போனால் விழுங்கிவிடுகிறது.

துரத்திப் பிடுங்கியதால்தான் விழுங்கப் பழகியிருக்கிறது. இந்தப் பருவத்தில் உட்காருவதையும் கைகொடுப்பதையும்விட "விடு" முக்கியம். தென் ஒன்ராறியோவில் கறுப்பு வால்நட் மரங்கள் நிறைய. கீழே விழுந்து பூஞ்சணம் பிடித்த காய்கள் நாய்க்கு நடுக்கமும் வலிப்பும் வரவைக்கக்கூடும். காளான் முளைக்கும் காலமும் இதுதான். ஹம்பர் ஆறு, ஹைலண்ட் கிரீக் ஓரம் போகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி: முட்டையிட மேலேறி வந்த சால்மன்கள் செத்து ஒதுங்கிக் கிடக்கும். அதில் ஒரு முறை புரண்ட நாயைக் காரில் ஏற்றியவர் வாழ்நாளில் மறக்க மாட்டார்.

மூடிய கைக்குள் சாதாரண பிஸ்கட் ஒன்றை வைத்து நீட்டுங்கள். நக்கும், பிறாண்டும், பேசாதீர்கள். மூக்கை விலக்கிய உடனே மற்றக் கையால் அதைவிட நல்லதொன்றைக் கொடுங்கள். தானாக விலகப் பழகிய பிறகுதான் "விடு" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். அடுத்து பிஸ்கட் தரையில், பாதத்தால் மூடத் தயாராக. பிறகு முற்றத்தில், கடைசியாக இலைகளுக்கு நடுவே. தரையில் கிடந்ததையே பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள். வாய்க்குள் போனதைப் பண்டமாற்றாகத்தான் மீட்க வேண்டும்: இறைச்சியை மூக்கருகில் காட்டினால் வாய் தானே திறக்கும். நச்சுப் பொருளை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால் பயிற்சி பற்றி யோசிக்காமல் மிருக வைத்தியரை அழையுங்கள்.

பிராம்டனிலிருந்து: ஹாலோவீன் இரவில் வேடமிட்டு மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகளால் கதவு மணி அடித்துக்கொண்டே இருக்கும். நாயை வாசலில் உட்காரப் பழக்கலாமா?

ஒக்டோபர் தொடக்கத்திலிருந்தே, மணி அடித்ததும் தன் பாய்க்குப் போய்ப் படுக்கப் பழக்குங்கள். வீட்டில் ஒருவர் வெளியே நின்று மணியடிக்க, மற்றவர் பாயில் தீனி போட வேண்டும். ஆனால் 31ஆம் திகதி இரவை அதற்குப் பரீட்சையாக வைக்காதீர்கள். முகமூடியும் தொப்பியுமாகக் கூச்சலிடும் பிள்ளைகள் எல்லா நாய்க்கும் ஒத்துவருவதில்லை. அன்று பின் அறையில் கதவைச் சாத்தி, மென்றுகொண்டிருக்க ஏதாவது கொடுத்து விடுங்கள். சொக்கலேட், உலர் திராட்சை, சீனிக்குப் பதிலாகச் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சுவிங்கம் மூன்றும் நாய்க்கு நஞ்சு. பிள்ளைகளின் மிட்டாய்ப் பை உயரத்தில் இருக்கட்டும்.

மிசிசாகாவிலிருந்து: குளிர் வந்துவிட்டதே, உண்ணி மருந்தை நிறுத்தலாமா?

வேண்டாம். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி வெப்பநிலை 4 பாகைக்கு மேல் இருந்தாலே நடமாடும். வளர்ந்த உண்ணிகள் இலையுதிர் காலத்தில்தான் அதிகம். நடந்து வந்ததும் காதுக்குள், அக்குளில், கால்விரல் இடுக்கில் தடவிப் பாருங்கள். அதையே "அசையாமல் நில்" பயிற்சியாக்கிவிடலாம்.

பரியிலிருந்து: வேலை முடிந்து வரும்போது இருட்டிவிடுகிறது.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் தள்ளிய பிறகு ஐந்து மணிக்கே இருட்டுதான். ஒளிரும் கழுத்துப்பட்டி மாட்டுங்கள். இருட்டில் புதிதாக எதையும் கற்பிக்காமல் தெரிந்ததை மட்டும் செய்யுங்கள். புதுப் பாடத்தை வார இறுதிப் பகலுக்கு வையுங்கள். உங்கள் பக்கத்துக் காடுகளில் மான் வேட்டைக் காலம் வேறு. அங்கே போனால் உங்களுக்கும் நாய்க்கும் செம்மஞ்சள் அங்கி அவசியம்.

மீண்டும் ஸ்காபரோ: பகலில் எங்கள் அம்மம்மாதான் நாயைக் கூட்டிப்போகிறார். எழுபது தாண்டியவர். அது இழுக்கிறது, ஈர இலையில் வழுக்கிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. தானே நீண்டு சுருங்கும் வார் வாங்கிக் கொடுக்கலாமா?

அதை மட்டும் வாங்காதீர்கள் தம்பி. அந்த வார் எப்போதும் மெல்லிய இழுவையிலேயே இருப்பதால், இழுத்தால்தான் முன்னே போகலாம் என்று நாய் கற்றுக்கொள்ளும். ஐந்து மீட்டர் ஓடி முடிந்து வெட்டி இழுத்தால் அம்மம்மாவின் தோள்மூட்டுக்கு என்ன ஆகும்? சாதாரண 2 மீட்டர் வாரும், மார்பில் வளையமுள்ள ஹார்னஸும் போதும். வாரைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். தளர்வான வாரில் நடக்க நீங்கள் பழக்குங்கள்: இறுகினால் நின்றுவிட வேண்டும், தளர்ந்தால் நடக்கலாம், காலருகே வந்தால் தீனி. அது படியும்வரை அம்மம்மா கொல்லைப்புறத்தில் பந்து எறியட்டும். நடைக்கு, பள்ளி விட்டதும் நீங்கள் கூட்டிப்போங்கள்.