வாசகர் கேள்வி: முதன்முதலாக எந்த ஊமைப்படம் பார்ப்பது?

கேள்வி: வீட்டில் நான், வீட்டுக்காரர், பத்து வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பையன்கள், மாமியார். மாமியாருக்கு வாசிக்கத் தெரியாது, பிள்ளைகளுக்குக் கறுப்பு வெள்ளை என்றாலே அலுப்பு. ஊமைப்படக் காமெடி என்றால் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்றார்களே என்று 'சிட்டி லைட்ஸ்' போட்டேன், அரைமணியில் எல்லோரும் எழும்பிப் போய்விட்டார்கள். எதிலிருந்து தொடங்குவது? (ஒரு வாசகி, தலவாக்கலை)

பதில்: சகோதரி, 1931இல் வந்த சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' அருமையான படம்தான், ஆனால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், சிரிப்பும் சோகமும் கலந்து மெல்லப் போகும். சாப்ளினோடு கொஞ்சம் பழகியபிறகு பார்த்தால்தான் அந்தக் கடைசிக் காட்சி நெஞ்சைப் பிடிக்கும். பெரிய பெயர் எடுத்த படத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், சின்னப் படத்திலிருந்து தொடங்குங்கள். அந்தக் காலத்தில் இரண்டு ரீல் படங்கள் என்று நிறைய வந்தன, இருபது இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஏழு வயதுப் பிள்ளையின் பொறுமைக்கு அதுதான் சரி.

என்னைக் கேட்டால் அந்தக் காலத்துக் காமெடி நடிகர் பஸ்டர் கீட்டனின் 'ஒன் வீக்', 1920. புதிதாகக் கல்யாணமான சோடிக்கு ஒரு வீடு பரிசாக வருகிறது, ஆனால் வீடாக வரவில்லை, பெட்டி பெட்டியாகப் பலகையும் சட்டமுமாக வருகிறது, பெட்டியில் போட்டிருக்கும் இலக்கப்படி பூட்டினால் வீடு தயார். அந்தப் பெண்ணைக் கட்ட நினைத்து ஏமாந்த ஒருவன் பொறாமையில் இலக்கங்களை மாற்றி எழுதிவிடுகிறான். கீட்டனுக்கு அது தெரியாது, சிரிக்காத அந்த முகத்தோடு கருமமே கண்ணாகக் கட்டிக்கொண்டே போகிறார். சுவர் ஒரு பக்கம், கூரை ஒரு பக்கம், மாடியில் ஒரு கதவைத் திறந்தால் வெளியே வெறும் ஆகாயம், மனுஷன் அதற்குள்ளால் நடந்து நேரே தரையில் வந்து விழுகிறார். பியானோவை உள்ளே இழுக்க மேலே விளக்கு தொங்கும் இடத்தில் கயிற்றைக் கட்டுகிறார், பியானோ அசையவில்லை, கூரைத்தட்டு ரப்பர் மாதிரி கீழே இறங்கி வருகிறது. இந்த இடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். அப்புறம் புயல் வந்து வீடே சுற்றுகிறது, அது தந்திரக் காட்சி இல்லை, உண்மையாகவே சுழலும் மேடையில் வீட்டைக் கட்டிச் சுற்றவிட்டார்கள். கடைசியில் ரயில் தண்டவாளம் ஒன்று வருகிறது, அதைமட்டும் நான் சொல்லமாட்டேன், கோச்சி போவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள்.

தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் இருந்துகொண்டு தனிவீடு எப்போது கிடைக்கும் என்று வருடக்கணக்காகக் காத்திருக்கிற சனம் நாங்கள், எங்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை. மாமியாருக்கு, நடுநடுவே பேச்சை எழுதிக் காட்டும் எழுத்து அட்டைகள் ஒரு தடையே இல்லை, இருப்பதே கொஞ்சம், பெரியவனை அதன் கருத்தைத் தமிழில் உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். ஜப்பானில் ஊமைப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வதற்கென்றே பென்ஷி என்று ஆட்கள் இருந்தார்கள், அந்த வேலையைப் பிள்ளை சந்தோஷமாகச் செய்வான். நாயகி குளிக்கும் காட்சி ஒன்று வரும், சரியான நேரத்தில் ஒரு கை வந்து கமராவை மறைத்துவிடும், அதனால் மாமியாரோடு உட்கார்ந்து பார்க்கத் தயங்க வேண்டாம்.

இது பிடித்தால் அடுத்தது ஹரோல்ட் லொயிட்டின் 'சேஃப்டி லாஸ்ட்', 1923. ஊரிலிருந்து பட்டணத்துக்குப் போய்க் கடையில் துணி விற்கிற பையன், பெரிய வேலையில் இருப்பதாக ஊரில் இருக்கும் பெண்ணுக்குக் கடிதம் எழுதுகிறான், வயிற்றைக் கட்டிப் பரிசு வாங்கி அனுப்புகிறான். கொழும்புக் கடைகளில் நிற்கிற எங்கள் பையன்களை நினைக்காமல் என்னால் இதைப் பார்க்க முடிவதில்லை. கட்டடத்தின் உச்சியில் மணிக்கூட்டு முள்ளைப் பிடித்துத் தொங்குவது இந்தப் படத்தில்தான், தொங்குகிற அந்த மனிதருக்கு 1919இல் நடந்த ஒரு வெடி விபத்தில் வலது கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் போய்விட்டன, கையுறைக்குள் அதை மறைத்துக்கொண்டு நடித்தார். அதற்குப் பிறகு சாப்ளினின் 'கோல்ட் ரஷ்'. 1942இல் அவரே ஆங்கிலத்தில் கதை சொல்லி வெளியிட்ட பதிப்பும் உண்டு, உங்கள் வீட்டுக்கு 1925இன் பழைய பதிப்பே நல்லது.

கேள்வி: ஊமைப்படங்களில் எல்லோரும் ஏன் விறுவிறு என்று ஓடுகிறார்கள்? (ஒரு வாசகர், ஹட்டன்)

பதில்: பெரும்பாலும் கமராவைக் கையால் சுற்றித்தான் எடுத்தார்கள், செக்கனுக்கு 16, 18, 20 படச்சட்டங்கள் என்று படத்துக்குப் படம் மாறும். அதைப் பிற்காலத்து 24 என்ற வேகத்தில் ஓட்டினால் வேகமாகத்தான் தெரியும். சில இடங்களில் சிரிப்புக்காக வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றியும் எடுத்தார்கள். வேகத்தைச் சரிசெய்து சுத்தமாக்கிய பிரதிகள் இணையத்தில் இருக்கின்றன, தேடி எடுங்கள்.

கேள்வி: மகனுக்கு ரயில் என்றால் உயிர். 'த ஜெனரல்' காட்டலாமா? (ஒரு வாசகர், பண்டாரவளை)

பதில்: தாராளமாக. இதுவும் பஸ்டர் கீட்டன் படம்தான். 1926இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உண்மையான எஞ்சினையே எரியும் பாலத்தோடு ஆற்றில் விழவைத்து எடுத்தார்கள். ஒரு விஷயம் மட்டும்: கதாநாயகன் நிற்பது அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காப்பாற்றப் போராடிய தென்மாநிலங்களின் பக்கம். அடிமைகளைப் பற்றிப் படத்தில் பேச்சே இல்லை. தோட்டத்து உழைப்பில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு, படம் முடிந்ததும் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.