சிங்கப்பூரிலிருந்து மாண்டா திருக்கையையும் மோலா மோலா என்ற பெரிய சூரியமீனையும் பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

மலேசியத் தீவான தியோமானில் பத்துப் பன்னிரண்டு முறை ஸ்கூபா கருவியோடு மூழ்கியிருக்கிறேன், ஜூன் பள்ளி விடுமுறையில் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தோனேசியாவின் பாலிக்கு அருகிலுள்ள நூசா பெனிடா தீவுக்குப் போங்கள். ஆனால் ஜூனை விட ஆகஸ்ட், செப்டம்பர் நல்லது. மாண்டா அங்கே ஆண்டு முழுவதும் வரும். மோலா மோலா அப்படியல்ல. ஆழத்துக் குளிர்நீர் மேலெழும் ஜூலை முதல் அக்டோபர் வரைதான் அதைக் காணும் வாய்ப்பு அதிகம்.

குளிரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நீரின் வெப்பம் சில சமயம் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும். தியோமானில் அணியும் மெல்லிய மூழ்கு உடை போதாது, 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள உடை வேண்டும். முதல்முறை நான் நடுங்கியபடிதான் இறங்கினேன். திடீரென்று தலைக்குமேல் ஒரு நிழல். நிமிர்ந்தால், வெண்ணிற வயிறும் அதில் கரும்புள்ளிகளும். ஒவ்வொரு மாண்டாவுக்கும் அந்தப் புள்ளிக்கோலம் தனித்தனி. கைரேகையைப் போல அதை வைத்தே ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். துரத்தாமல் தாழ்ந்து அசையாமல் இருந்தால் அதுவே அருகில் வரும். தயவுசெய்து தொடாதீர்கள்.

மோலா பெரும்பாலும் ஆழத்தில் இருக்கும், நீரோட்டமும் கடுமை. 18 மீட்டர் வரைக்கான சான்றிதழ் மட்டும் இருந்தால், 30 மீட்டருக்கான அடுத்த பயிற்சியை முடித்துவிட்டுப் போங்கள்.

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்குத் திரும்பும் விமானத்தை, கடைசியாக மூழ்கி 18 மணி நேரமாவது கழிந்த பிறகே பதிவு செய்யுங்கள்.