பெரிய ஊசித்துளை கேமரா: கேட்டவர்களுக்குப் பதில்

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் என் கறுப்புப் பெட்டியைப் பார்த்து நின்று விசாரித்தவர்கள் பலர். ஒரு சின்னத் துளை வழியாக வரும் ஒளியை, ஒளி பட்டால் கறுக்கும் 40-க்கு 50 சென்டிமீட்டர் போட்டோ பேப்பரில் நேரடியாகப் படமாகப் பதிக்கும் ஊசித்துளை கேமரா அது. லென்ஸ் கிடையாது, பேட்டரி கிடையாது. அன்றும் அதன்பிறகும் வந்த கேள்விகளில் சில இங்கே.

அண்ணா, எதிலிருந்து தொடங்குவது? துளையா, பெட்டியா? (பிடோக்)

தாளிலிருந்து. எந்த அளவுத் தாள் கடையில் கிடைக்கும், எந்த அளவுப் பெட்டியை ஒரே ஆளாகத் தூக்க முடியும் என்று முதலில் பாருங்கள். துளை கடைசியில்தான் வரும்.

என் தாளுக்குத் துளையிலிருந்து 40 சென்டிமீட்டர் தூரம் வைத்தேன். 30 வைத்தால் பெட்டி இன்னும் சிறிதாகும், காட்சியும் அகலமாக விழும். ஆனால் மூலைகளுக்கு ஒளி சாய்ந்து போவதால், நடுவில் விழுவதில் ஐந்தில் ஒரு பங்குதான் அங்கே சேரும். 40-இல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கிடைக்கிறது. அந்த இருட்டு படத்துக்கு அழகு, அதற்கு மேல் போனால் குறை.

இவ்வளவு பெரியதை எம்ஆர்டி ரயிலில் எப்படிக் கொண்டுபோகிறீர்கள்? (உட்லண்ட்ஸ்)

ஒரே பெட்டியாகச் செய்யவில்லை, தம்பி. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றும் 21 சென்டிமீட்டர் ஆழம். இழுத்தால் 2 சென்டிமீட்டர் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்று 40 ஆகும், தள்ளினால் பாதியாகச் சுருங்கும். 6 மில்லிமீட்டர் பிளைவுட், உள்ளே பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட், பெட்டிகள் உரசும் இடத்தில் கறுப்பு வெல்வெட் பட்டை. சந்தைக்குப் போகும் டிராலியில் கட்டி, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கிளம்புவேன். படம் பதியும்போது பெட்டியை விட்டு நகராதீர்கள். ஆளில்லாத கறுப்புப் பெட்டி யாரையும் பதற வைக்கும்.

துளை எவ்வளவு சின்னதோ அவ்வளவு தெளிவு என்று பள்ளியில் படித்த ஞாபகம். சரியா? (தெம்பனிஸ்)

ஓரளவுக்குத்தான். மிகச் சின்னதானால் ஒளி துளையின் விளிம்பில் வளைந்து பரவி, படம் மறுபடியும் மங்கும். 40 சென்டிமீட்டர் தூரத்துக்கு 0.9 மில்லிமீட்டர் பொருத்தம். கணக்கு இதுதான்: தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து 0.00055-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 1.9-ஆல் பெருக்குங்கள். அந்த 0.00055 மில்லிமீட்டரில் பச்சை ஒளியின் அலைநீளம்.

குளிர்பான டின் தகட்டை வெட்டி, 0.9 டிரில் பிட்டைக் கையாலேயே திருகித் துளை போடுங்கள். பிசிறை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு ஸ்கேனரில் 2400 டிபிஐ (அங்குலத்துக்கு 2400 புள்ளி) வைத்துப் பார்த்தால் துளை 85 பிக்சல் அகலம் இருக்கும். வட்டம் கோணலா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

எவ்வளவு நேரம் திறந்து வைப்பது? (ஜூரோங்)

தூரம் 400 மில்லிமீட்டரைத் துளை 0.9-ஆல் வகுத்தால் எஃப் 444. இந்த எண் பெரிதானால் உள்ளே வரும் ஒளி குறைவு. போட்டோ பேப்பர் ஒளியை உணரும் வேகத்தை ஐஎஸ்ஓ 6 என்று வைத்துக்கொண்டால், நல்ல வெயிலில் கணக்குப்படி 2 நிமிடத்துக்குச் சற்று அதிகம். நீண்ட நேரப் பதிவில் தாள் சோர்ந்துபோய் ஒளியை உணர்வது குறையும் என்பதால் நான் 3 நிமிடம் தருகிறேன். மேகம் மூடினால் 8 நிமிடமும் போதாது. நம் ஊர் வானம் இரண்டு நிமிடத்தில் மாறும், அதனால் மேலே பார்த்துக்கொண்டே எண்ணுங்கள். சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்கள். நடப்பவர்கள் எல்லாரும் மறைந்துபோய், நின்று பேசியவர்கள் மட்டும் தாளில் இருப்பார்கள். எனக்கு இந்தக் கேமராவில் மிகவும் பிடித்தது அதுதான்.

சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் கோபுரத்தை எடுக்க ஆசை. கேமராவைச் சாய்த்தால் கோபுரமும் சாய்கிறதே? (சைனாடவுன்)

சாய்க்கவே வேண்டாம், அக்கா. முன்பலகையில் நடுத்துளைக்கு 10 சென்டிமீட்டர் மேலே இன்னொரு துளை போட்டு, நடுத்துளையை மூடிவிடுங்கள். பெட்டி நேராகவே நிற்கும், காட்சி மட்டும் மேலே நகரும், கோபுரமும் நிமிர்ந்து நிற்கும். லென்ஸ் கேமராவில் இந்த வசதிக்குப் பெரிய காசு ஆகும்.

வீவக அடுக்குமாடி வீட்டில் படத்தை எங்கே கழுவுவது? (அங் மோ கியோ)

இரவில் குளியலறையில். சன்னலைக் கறுப்புக் குப்பைப் பையால் மூடி, சிவப்பு விளக்கு போடுங்கள். பெரிய டிரே வாங்க வேண்டாம். இரண்டு முனையும் அடைத்த பிளாஸ்டிக் மழைநீர்க் குழாய்ப் பாதி போதும், தாளை வளைத்து முன்னும் பின்னும் இழுக்கலாம். டெவலப்பர், அதாவது தாளில் படத்தை வெளிக்கொண்டுவரும் திரவம், 20 டிகிரிக்கானது, நம் வீட்டில் 30 இருக்கும். புட்டியைப் பனிக்கட்டி நீரில் வைத்துக் குளிரவிடுங்கள், இல்லாவிட்டால் தாள் சட்டென்று கறுத்துவிடும்.

வரும் படம் நெகட்டிவ்தானே? (புக்கிட் பாத்தோக்)

ஆமாம், கறுப்பும் வெள்ளையும் மாறியிருக்கும், இடவலமும் மாறியிருக்கும். அதைப் புதுத் தாளின்மேல் முகத்தோடு முகம் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, சில விநாடி விளக்கு காட்டினால் இரண்டும் சரியாகிவிடும்.

ஒளிக்கசிவு இருக்கிறதா என்று எப்படி அறிவது? (ஈசூன்)

என் முதல் பெட்டியில் மூலை ஒட்டாமல் போய் நான்கு தாள் வீணானது. அதன்பிறகு, துளையை மூடி, உள்ளே சின்னத் தாள்துண்டு வைத்து, வெயிலில் பத்து நிமிடம் எல்லாப் பக்கமும் திருப்பி வைக்கிறேன். கழுவியபின் வெள்ளையாக இருந்தால் கிளம்பலாம்.

இதைவிடப் பெரியது உண்டா? (செங்காங்)

2006-இல் கலிபோர்னியாவில் எல் டோரோ என்ற பழைய விமானத் தளத்தில் ஒரு விமானக் கொட்டகையையே கேமராவாக்கினார்கள். துளை சுமார் 6 மில்லிமீட்டர், பதிவு 35 நிமிடம், துணியில் வந்த படத்தின் நீளம் ஏறக்குறைய 34 மீட்டர். மேலே சொன்ன அதே கணக்கை அந்தக் கொட்டகையின் தூரத்துக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே 6 வரும்.